அக்கிலீஸின் மகன்

சோபாக்ளிஸ் எழுதிய ‘பிலோக்டெட்டீஸ்’ நாடகத்தில் ஒரு பையன் வருகிறான். பெயர் நியோப்டோலமஸ். மாவீரன் அக்கிலீஸின் மகன். அப்பாவை உயிரோடு ஒருநாளும் பார்த்தறியாதவன். லெம்னாஸ் தீவில், பாம்பு கடித்து அழுகிய காலோடு பத்து வருடமாகத் தனியே கிடக்கிற பிலோக்டெட்டீஸிடம் ஒரு வில் இருக்கிறது. அந்த வில் வராமல் ட்ராய் நகரம் விழாது என்று குறி சொல்லியாகிவிட்டது. ஏமாற்றி வாங்கிக்கொண்டு வா என்று ஒடிசியஸ் பையனை ஏவுகிறான். பையன் போகிறான், பொய் சொல்கிறான், வில்லும் கைக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் அவனால் முடியவில்லை. நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஒடிசியஸ் வாள்பிடியில் கைவைத்து மிரட்டியும் கேட்காமல் வில்லைத் திருப்பிக் கொடுக்கிறான். ஓர் இளம் மனம் திரும்புவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இன்னொரு கிரேக்க நாடகத்தை நான் வாசித்ததில்லை.

பிறகு ட்ராய் விழுகிறது. அதே பையன் அரண்மனைக்குள் புகுந்து, ஜீயஸின் பலிபீடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ட்ராயின் கிழ அரசர் பிரியாமைக் கொல்கிறான். பிரியாமின் மகன் ஹெக்டருடைய கைக்குழந்தையைத் தாதியின் மடியிலிருந்து பறித்துக் கோபுரத்திலிருந்து வீசியவன் அவன்தான் என்கிறது ‘சின்ன இலியட்’ என்ற பழைய காவியத்தின் எஞ்சிய துண்டு ஒன்று. பிரியாமின் மகள் பாலிக்ஸினாவை அக்கிலீஸின் கல்லறையில் கழுத்தறுத்ததும் அவன் கைதான்.

இந்த இரண்டு பேரும் ஒரே ஆள். இவனை நடுவில் வைத்துத்தான் கொஞ்ச காலமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிரேக்க வீரர்களைப் புதிதாக எழுத உட்காரும் யாருக்கும் முதலில் வருகிற ஆசை, காரணம் கண்டுபிடிப்பது. இவனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்பா இல்லாத பிள்ளை. பாட்டி கடல் தெய்வம். ஸ்கைராஸ் தீவில் அம்மா வீட்டில் வளர்ந்தவன். பத்து வருடமாக நடக்கிற போருக்கு, அப்பா செத்த பிறகு, அப்பாவின் இடத்தில் நிற்கவென்றே கூட்டிவரப்பட்டவன். இதையெல்லாம் அடுக்கினால் பலிபீடத்துக் கொலைக்கு விளக்கம் தானாக வந்து நிற்கும். விளக்கம் கிடைத்ததும் வாசகர் அவனை மன்னித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். அதை நான் செய்யப்போவதில்லை. லெம்னாஸில் அவன் நல்லபடியாக நடந்துகொண்டது பலிபீடத்தின் பாரத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. கதியற்றுக் கிடக்கும் ஒரு மனிதருக்குத் துரோகம் செய்வது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து ஒருமுறை கையை இழுத்துக்கொண்டவன். பிரியாமை அவன் நெருங்கும்போது எதிரே இருப்பது என்ன என்று அவன் அறியவில்லை என யாரும் சொல்ல முடியாது. அவன் அறிந்திருந்தான் என்பதுதான் என் நாவலின் விஷயம்.

புராணத்தை இப்படியெல்லாம் மாற்றலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கிரேக்கர்கள் இதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பிலோக்டெட்டீஸ் கதையை எஸ்கிலஸ், யூரிபிடிஸ், சோபாக்ளிஸ் மூவருமே நாடகமாக்கினார்கள். முழுசாகத் தப்பியது சோபாக்ளிஸுடையது மட்டும். ஆனால் பல நூறு வருடம் கழித்து மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்த டியோ கிறிசாஸ்டம் என்ற பேச்சாளர் அவற்றை ஒப்பிட்டு எழுதிவைத்திருக்கிறார். எஸ்கிலஸில் ஒடிசியஸ் தனியாக வருகிறான். யூரிபிடிஸில் கூடவே டயோமிடிஸ் வருகிறான். இரண்டிலும் குழுப்பாட்டுப் பாடுகிறவர்கள் லெம்னாஸ் ஊர்க்காரர்கள். ஆகவே தீவில் ஆள் நடமாட்டம் உண்டு. கி.மு. 409இல், எண்பதைத் தாண்டிய வயதில், சோபாக்ளிஸ் இரண்டு காரியம் செய்தார். தீவிலிருந்த அத்தனை பேரையும் காலி செய்தார். டயோமிடிஸை நீக்கிவிட்டு அந்த இடத்தில் அக்கிலீஸின் மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆக, லெம்னாஸில் மனம் மாறுகிற பையன் ஒரு கிழ நாடகாசிரியரின் சொந்தச் சரக்கு. அரங்கில் உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் அவன் பிற்பாடு என்ன செய்யப்போகிறான் என்பது தெரியும். நாடக முடிவில், அந்த வில்லுக்கு முதலில் சொந்தக்காரரான ஹெராக்கிளிஸ் மேலிருந்து தோன்றி, ட்ராய் விழும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஊரைச் சூறையாடும்போது தெய்வத்துக்குரியதை மறந்துவிடாதீர்கள் என்று இருவரையும் எச்சரிக்கிறார். முதல்முறை வாசிக்கிறவர் அதை வழக்கமான பெரியவர் புத்திமதி என்று தாண்டிப் போய்விடலாம். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு உடம்பு சில்லிட்டிருக்கும். மறுபுனைவு என்று இன்று நாம் பெரிய பேராகச் சொல்கிற வேலையின் உச்சத்தை அந்த ஒற்றை எச்சரிக்கையில் பார்க்கிறேன். செய்த காரியத்தைச் சோபாக்ளிஸ் தொடவில்லை. செய்தவனுக்கு ஒரு முன்கதை கொடுத்தார். அதோடு அந்தக் காரியத்தின் எடையே வேறாகிவிட்டது.

எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் சட்டமும் இங்கிருந்து எடுத்ததுதான். யார் பார்க்கிறார்கள், எப்போது தெரியவருகிறது, யார் உடன் இருந்தார்கள், மனத்தில் என்ன ஓடியது, இவை எல்லாம் என் கையில். யார் யாரைக் கொன்றார்கள், எங்கே வைத்துக் கொன்றார்கள் என்பது என் கையில் இல்லை. ஹைனர் முல்லர் என்ற ஜெர்மானிய நாடகாசிரியர் இதை மீறியிருக்கிறார். 1965இல் அச்சான அவருடைய ‘பிலோக்டெட்’டில் நியோப்டோலமஸ் நோயாளியின் முதுகில் குத்திக் கொன்றே விடுகிறான், அந்தப் பிணத்தையும் போருக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒடிசியஸ் உடனே யோசிக்கத் தொடங்குகிறான். பயங்கரமான, கூர்மையான நாடகம். அரசியல் மனிதனை என்ன செய்கிறது என்று காட்ட அவருக்கு அந்தக் கொலை தேவைப்பட்டது. ஆனால் அங்கேயே கொன்றுவிட்டவனுக்குப் பலிபீடத்தின் முன்னால் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. என் பையனுக்கு அது மிச்சமிருந்தாக வேண்டும்.

தீவை ஆளில்லாததாக வைப்பதா வேண்டாமா என்பதில் நான் சோபாக்ளிஸைப் பின்பற்றவில்லை. ஹோமரின் இலியட் ஏழாம் காண்டத்தில் ஒரு சின்னச் செய்தி வருகிறது: லெம்னாஸிலிருந்து கப்பல்கள் மது ஏற்றிக்கொண்டு கிரேக்கப் பாசறைக்கு வருகின்றன, படைவீரர்கள் வெண்கலம், இரும்பு, தோல், மாடு, அடிமைகள் என்று கையிலிருப்பதைக் கொடுத்து மது வாங்குகிறார்கள். அதே ஹோமர் இரண்டாம் காண்டத்தில் பிலோக்டெட்டீஸ் லெம்னாஸில் வேதனையில் கிடக்கிறார் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படை குடிக்கிற மது எந்தத் தீவிலிருந்து வருகிறதோ அதே தீவில்தான் படை கைவிட்ட ஆள் கிடக்கிறார். என் நாவலில் தீவின் மறுபக்கத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கப்பல்கள் அவருடைய குகை இருக்கும் முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மாலுமிகளுக்கு அவரைத் தெரியும். சோபாக்ளிஸிலும் எப்போதாவது கரையேறுகிறவர்கள் இரக்கப்பட்டுக் கொஞ்சம் சாப்பாடோ துணியோ கொடுக்கிறார்கள். ஊருக்குக் கூட்டிப்போ என்றால் மட்டும் மறுத்துவிடுகிறார்கள். ஆளே இல்லாத இடத்தில் தனியாகக் கிடப்பதைவிட, போகிற வருகிற கண்கள் பார்த்துக்கொண்டே போகும் இடத்தில் கிடப்பது எனக்குக் கூடுதல் கொடுமையாகப் படுகிறது.

குகைக்கு வருகிறேன். நான் அதிக நாள் செலவழித்த இடம் இதுதான். நாடகத்தின் தொடக்கத்திலேயே பையன் மேலே ஏறிக் குகைக்குள் எட்டிப் பார்க்கிறான். ஒடிசியஸ் கீழேயே நின்றுகொண்டு, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இருக்கிறது என்று கேட்கிறான். கூட வருவதில்லை. பத்து வருடத்துக்கு முன் அந்த மனிதரைத் தூக்கத்தில் இங்கே இறக்கிவிட்டுப் போனவனே அவன்தான். பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறான். யாரோ படுத்து எழுந்ததுபோல் அழுந்திக் கிடக்கும் இலைப் படுக்கை. மரத்தைக் குடைந்து செய்த ஒரு குவளை. தச்சுவேலை தெரியாதவர் கை என்று பார்த்தாலே தெரிகிறது. நெருப்புக்கு வேண்டியவை. பிறகு அவன் வாயிலிருந்து ஒரு அருவருப்புச் சத்தம் வருகிறது: சீழ் படிந்த கந்தல் துணிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன.

அந்தத் துணிகளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. காய்கின்றன என்றால் அலசிப் போட்டிருக்கிறார். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு ஊற்றுவரை போய், தன் புண்ணில் சுற்றிய துணியைத் தானே அலசி, பிழிந்து, பாறைமேல் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே கல்லும் வைத்திருப்பார். (கல் என் சேர்க்கை.) வலி தாங்காமல் காலை வெட்டிவிடு என்று பிறகு பையனிடம் கெஞ்சப்போகிறவர், அன்று காலையில் மறுநாளைக்கு வேண்டும் என்று துணி காயப்போட்டிருக்கிறார். பையன் இதைப் பார்த்த பிறகுதான் பொய் சொல்லப் போகிறான். நாவலில் அவன் அந்தத் துணியில் ஒன்றைக் குனிந்து தொட்டுப் பார்க்கிறான், பாதி ஈரம். ஆள் தூரத்தில் இல்லை என்று கணக்குப் போடுகிறது அவன் வேட்டைக்காரப் புத்தி. அதே நொடியில் வேறொன்றும் அவனுக்குள் பதிகிறது. அது என்ன என்று நான் எழுதவில்லை. ஈரம் என்பதோடு வாக்கியத்தை நிறுத்திவிட்டேன்.

வலி வரும் காட்சி எழுத்துக்காரனுக்கு ஒரு பரீட்சை. மேடையில் நடிகரின் குரல் இருக்கிறது. சோபாக்ளிஸ் அவருக்கு வார்த்தையாகாத அலறல்களையே வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். உரைநடையில் அலறலை எழுதினால் பக்கம் வெறும் எழுத்துக் கூட்டமாகிவிடும். அதனால் வலியின் படிகளை எழுதினேன். முதலில் நமநமவென்று ஊறல். பிறகு குடைச்சல். அப்புறம் விண்விண்ணென்று தெறிப்பு. தொடைவரை சுண்டி இழுப்பு. இதை அவர் வாயால் சொல்லவைக்கவில்லை. பத்து வருடப் பழக்கத்தில் அடுத்து எது வரும் என்று அவருக்குத் தெரியும்; ஆகவே முன்னேற்பாடு செய்கிறார். கூரான கல்லை எட்டத் தள்ளிவைக்கிறார். தலைக்கு இலையைக் குவிக்கிறார். வில்லைப் பையனிடம் கொடுத்து, நான் விழிக்கும்வரை யாரிடமும் கொடுக்காதே என்கிறார். வீட்டில் வலிப்பு நோயாளியையோ வாய்வுக் குத்தல்காரரையோ பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த முன்னேற்பாடுகளே போதும். வலி இறங்கியதும் அவர் அப்படியே தூங்கிவிடுகிறார். ஹெராக்கிளிஸின் வில் பையன் கையில். கப்பல் கீழே காத்திருக்கிறது.

அந்தக் காட்சியில் நான் விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு அழைப்பை. பிலோக்டெட்டீஸ் அவனை ஓயாமல் ‘மகனே’ என்றுதான் கூப்பிடுகிறார். ஒடிசியஸும் அவனைப் பிள்ளை என்றுதான் அழைக்கிறான். அப்பா முகம் தெரியாத பையனை எதிர்ப்படுகிற ஒவ்வொரு பெரியவரும் மகன் முறை வைத்து அழைக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அவனிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. நோயாளிக்கும் வேண்டும்: ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் அவர் ஒருவர்தான் கேட்பதை நேராகக் கேட்கிறார்.

இனி ட்ராய்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு தண்ணீர்க்குடம் இருக்கிறது. கி.மு. 480 வாக்கில் ஏதென்ஸில் வனைந்தது; ஓவியரின் சொந்தப் பெயர் தெரியாததால் ஆய்வாளர்கள் அவரைக் கிளியோஃப்ரடீஸ் ஓவியர் என்கிறார்கள். குடத்தின் தோளைச் சுற்றி ட்ராயின் கடைசி இரவு. பலிபீடத்தின் மேல் பிரியாம் உட்கார்ந்திருக்கிறார். மொட்டைத் தலை, அதில் ஏற்கெனவே வெட்டு, ரத்தம் வழிகிறது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுவந்து பொத்திக்கொண்டிருக்கிறார். வாளைத் தடுப்பதற்கல்ல, காணச் சகியாமல் பொத்துவதுபோல. மடியில் பேரன். குழந்தையின் உடம்பில் காயங்களை ஓவியர் ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார். பையன் ஒரு கையால் கிழவரின் தோளைப் பிடித்திருக்கிறான், மறு கை வாளோடு பின்னால் போயிருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு ட்ராய்ப் பெண், சமையற்கட்டிலிருந்து எடுத்துவந்த உலக்கையை ஓங்கிக்கொண்டு ஒரு கிரேக்க வீரன்மேல் பாய்கிறாள். அவள் ஆண்ட்ரமக்கி, ஹெக்டரின் மனைவி என்று கருதுகிறவர்கள் உண்டு. அதையொட்டித்தான் பாரசீகப் படை ஏதென்ஸையே எரித்தது. தம் பாட்டனார்களின் வெற்றியை ஏதென்ஸ் குயவர்கள் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தார்கள் என்பதற்கு இந்தக் குடத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இதன் படத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். வீரனை உயர்த்தி எழுதிவிட்டேனா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தக் கைகளைப் பார்க்கிறேன்.

பிரியாம் எங்கே செத்தார் என்பதில் பழையவர்களிடம் ஒரு நுணுக்கமான வேறுபாடு உண்டு. பலிபீடத்திலேயே என்பது பரவலான வழக்கு. ‘சின்ன இலியட்’ மட்டும், பலிபீடத்திலிருந்து இழுத்துவந்து அரண்மனை வாசலில் வைத்துக் கொன்றான் என்கிறது. சில அடி தூர வித்தியாசம்தான். ஆனால் அந்தச் சில அடியில் ஒரு ஆளின் மனம் இருக்கிறது: தெய்வக்குற்றம் வேண்டாம் என்று எண்ணித்தான் இழுத்துப்போனானா? அப்படியானால் அந்த வேளையிலும் அவனுக்கு விதிமுறை நினைவிருந்தது. வெர்ஜிலின் ‘ஈனியட்’டில் இது தலைகீழ். மகனின் ரத்தத்தில் வழுக்கி விழும் கிழவரை, பீடத்தை நோக்கி இழுத்துச் செல்கிறான். மயிரைப் பற்றி, வாளைப் பிடிவரை இறக்குகிறான். நான் வெர்ஜிலின் பக்கம். ஹெராக்கிளிஸின் எச்சரிக்கையைக் காதால் கேட்டவன் பீடத்தை நோக்கி இழுப்பதுதான் என் நாவலுக்கு உண்மை.

இதே பிரியாம் அக்கிலீஸின் கூடாரத்துக்கு வந்த இரவை இலியட் வாசித்த யாராலும் மறக்க முடியாது. பிள்ளைகளைக் கொன்ற கையைப் பிடித்து முத்தமிட்டு, ஹெக்டரின் உடலைக் கேட்கிறார். உன் அப்பாவை நினைத்துக்கொள் என்கிறார். இருவரும் அழுகிறார்கள். இந்தக் காட்சியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு இடம் இருக்கிறது. அழுது முடித்த பிறகு பிரியாம் அவசரப்படுத்த, அக்கிலீஸ் சட்டென்று முறைக்கிறான்: என்னைக் கிளறாதே, உன்னை ஏதாவது செய்துவிடுவேன் என்கிறான். வெளியே போய், ஹெக்டரின் உடலைக் கிழவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துக் குளிப்பாட்டச் சொல்கிறான். பார்த்துவிட்டால் அவர் கோபத்தில் ஏதாவது கத்துவார், அவர் கத்தினால் தான் அவரைக் கொன்றுவிடக்கூடும் என்பது அவன் கணக்கு. தன் கோபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதன் பாதையிலிருந்து அந்தக் கிழவரை நகர்த்திவைக்கிறான். அக்கிலீஸின் பெருமையாக நான் நினைப்பது இதைத்தான். அப்பாவும் மகனும் ஒரே கிழவரின் எதிரில் நின்றார்கள், இருவருக்கும் தங்களைத் தெரிந்திருந்தது, ஒருவன் ஏற்பாடு செய்தான்.

இன்னொன்றும் உண்டு. அக்கிலீஸ் தன் தகப்பனை நினைத்து அழுததைக் கண்ணால் கண்டவர்களில் ட்ராய் தரப்பில் மிஞ்சியிருந்த முக்கியமான ஆள் பிரியாம்தான். பையன் வாழ்நாளெல்லாம் தேடிய அப்பாவைப் பற்றிப் பிறர் யாரும் சொல்ல முடியாததைச் சொல்லக்கூடியவர். வெர்ஜிலில் அவர் சொல்லவும் செய்கிறார்: உன் அப்பன் என்னிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை. பையன் அதைக் கேட்டுக்கொண்டே கொல்கிறான்.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ எனக்கு இந்த வேலையின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்த கதை. அதில் ராமன் செய்தது எதையும் அவர் மாற்றவில்லை. சீதை தீக்குளித்த செய்தியை அகலிகையின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான். ஒரு கதையின் சேதி இன்னொரு கதைக்காரியின் காதில் விழுகிறது. அவள் மறுபடி கல்லாகிறாள். என் நாவலின் மையக் காட்சி அங்கிருந்துதான் கிடைத்தது. லெம்னாஸில் நடந்தது ஆண்ட்ரமக்கிக்குத் தெரியவந்தால்?

ட்ராய் விழுந்த பின் ஆண்ட்ரமக்கியை நியோப்டோலமஸுக்குப் பங்காகக் கொடுத்தார்கள். கணவனைக் கொன்றவனின் மகன், மாமனாரைக் கொன்றவன், பிள்ளையைக் கொன்றவனும் அவனாகவே இருக்கலாம். (வேறொரு காவியம் குழந்தையை ஒடிசியஸ் கொன்றதாகச் சொல்கிறது.) அவனோடு கடல் கடந்து போய், அவனுக்கு ஒரு பிள்ளையும் பெற்றாள். யூரிபிடிஸ் அவள் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். நாவலைப் பெரும்பகுதி அவள் பார்வையில் சொல்வது என்று முடிவு செய்தபோது எனக்குக் கிடைத்த பெரிய வசதி, அவளுக்கு அவனைப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது. ஓர் இரவு அவன் தானாகவே லெம்னாஸ் கதையைச் சொல்கிறான். ஏன் சொல்கிறான்? தன்னிடமும் ஒரு நல்லது இருந்தது என்று யாராவது ஒருவர் அறிய வேண்டும் என்ற ஆசை. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குகை, குவளை, துணி, வில்லைத் திருப்பிக் கொடுத்தது, எல்லாம். அவள் கேட்கும் ஒரே கேள்வி: ‘அது ட்ராய்க்கு முன்னாலா, பின்னாலா?’ முன்னால் என்கிறான். அதற்குப்பின் அவள் அவனிடம் பேசுவதில்லை. அவன் வெறும் மிருகமாக இருந்தவரை அவளால் அந்த வீட்டில் இருக்க முடிந்தது.

சமீபத்திய ஆங்கில நாவல்களிலும் இவன் வருகிறான். மேடலின் மில்லரின் ‘அக்கிலீஸின் பாடல்’ நாவலில் (2011) அன்பு என்பதே அறியாத, குளிர்ந்த பிள்ளை. அக்கிலீஸ்–பட்ரோக்ளஸ் காதலைச் சொல்லும் அந்தக் கதைக்கு அப்படி ஒருவன் தேவை; எனக்கு அவன் போதாது. பாட் பார்க்கரின் ‘ட்ராயின் பெண்கள்’ (2021) மரக்குதிரையின் வயிற்றுக்குள், இவனுடைய பயத்தில் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தை மிகவும் மதிக்கிறேன். ஒடிசியில், பாதாளத்தில் அக்கிலீஸின் ஆவி மகனைப் பற்றி விசாரிக்கும்போது, குதிரைக்குள் மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுங்கினார்கள், உன் மகன் முகம் வெளுக்கக்கூட இல்லை என்று ஒடிசியஸ் சொல்கிறான். அக்கிலீஸின் ஆவி பூரித்துப்போய்ப் பெரிய எட்டு வைத்து நடந்து போகிறது. சொல்கிறவன் ஒடிசியஸ். கேட்கிறவர் செத்துப்போன தகப்பன். வேறு என்ன சொல்லியிருப்பான்? மூலத்தில் இப்படிச் சந்தேகத்துக்கு இடம் விட்டிருக்கும் சாட்சிகளைத் தேடிப் பிடிப்பதில்தான் இந்த எழுத்தின் சுகமே இருக்கிறது.

இவ்வளவு செய்தவனை நாயகன் என்று எப்படி அழைப்பது என்று ஒருவர் கேட்டார். கிரேக்கர்களிடம் வீரன் என்றால் உத்தமன் என்று பொருளில்லை. செத்த பிறகும் சக்தி குறையாத ஆள், கல்லறையில் படையல் போட்டுத் தணிக்க வேண்டிய ஆள். அஸ்டிபலையா தீவின் கிளியோமிடிஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் கி.மு. 492 ஒலிம்பிக்கில் எதிராளியைக் கொன்றதால் பரிசு மறுக்கப்பட்டு, புத்தி பேதலித்து, ஊரில் பள்ளிக்கூடத் தூணைச் சாய்த்து அறுபது பிள்ளைகளைக் கொன்றதாகப் பழைய பயண நூலாசிரியர் பௌசானியஸ் எழுதுகிறார். துரத்தியபோது கோயில் பெட்டிக்குள் ஒளிந்தவர் மாயமாகிவிட, அவருக்குப் பலியிட்டு வழிபடுங்கள் என்றது டெல்ஃபியின் குறி. வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஊர் எல்லையில் அரிவாளோடு சிலை வைத்துப் படையல் போடுகிற மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கும்பிடுவது வேறு, நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு.

நியோப்டோலமஸின் கல்லறையும் டெல்ஃபியில்தான் இருந்தது, அப்பல்லோ கோயிலை ஒட்டி. அவன் செத்ததும் அங்கேயே, கோயிலுக்குள், ஒரு கத்திக்கு. பலியிறைச்சிப் பங்கில் வந்த தகராறு என்று ஒரு வழக்கு. பலிபீடத்தில் கொன்றவன் பலிபீடத்தில் செத்தான்; ஒருவன் செய்தது அவனுக்கே திரும்புவதை நியோப்டோலமஸ் தண்டனை என்று சொல்லும் வழக்கமே கிரேக்கத்தில் இருந்திருக்கிறது. பிண்டார் ஒரு பாடலில், பிரியாமைக் கொன்றதற்காக அப்பல்லோவே அவனைக் கொன்றதாகக் கடுமையாகப் பாடினார். இன்னொரு பாடலில் அதே சாவை மரியாதையாகச் சொன்னார். ஆண்டுதோறும் அவனுக்கு டெல்ஃபிக்காரர்கள் படையலிட்டார்கள். பக்கத்து மண்டபத்தில் பாலிக்னோடஸ் தீட்டிய ட்ராய் ஓவியத்தில், மற்ற கிரேக்கர்கள் எல்லாரும் கொலையை நிறுத்திவிட்ட பிறகும் இவன் ஒருவன் மட்டும் கொன்றுகொண்டே இருந்தான். கல்லறைக்கு அருகில் வரப்போகும் படம் என்பதால்தான் ஓவியர் அவனை அப்படித் தீட்டினார் என்கிறார் பௌசானியஸ். அவனைக் கும்பிட வருகிறவர்கள் அந்தப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். நாவலில் நான் செய்ய விரும்புவதும் இதுவே.

இப்போது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன். நியோப்டோலமஸ் செத்துவிட்டான். ஆண்ட்ரமக்கி எபிரஸில், ஹெக்டரின் தம்பி ஹெலனஸோடு வாழ்கிறாள். நியோப்டோலமஸுக்குப் பிறந்த மகன் மலோசஸ் வளர்ந்துவிட்டான். அவன் பெயரால் ஒரு அரச குலமே வரப்போகிறது. அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் தன்னை அந்தக் குலத்தவள் என்று சொல்லிக்கொண்டாள். மலோசஸ் அம்மாவிடம் கேட்கிறான்: அப்பா எப்படிப்பட்டவர்? அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவனின் மகன், தானும் அதே கேள்வியோடு வந்து நிற்கிறான். அவள் பொய் சொல்லப்போவதில்லை. ஒடிசியஸ் அந்த ஆவியிடம் சொன்னதுபோல ஒரு வீரக்கதை சொல்லி அனுப்பவும் போவதில்லை. எல்லாவற்றையும் சொல்வாள் என்பது முடிவாகிவிட்டது. எந்த வரிசையில் என்பதுதான் பாக்கி இருந்தது. லெம்னாஸில் தொடங்கினால் மீதியெல்லாம் ஒரு நல்ல பிள்ளையின் வீழ்ச்சியாகிவிடும், அவன் அப்பாவுக்காக அழுவான். பலிபீடத்தில் தொடங்கினால் அது அரசர்களின் கதை. அவள் தன் இழப்பிலிருந்துதான் தொடங்குவாள் என்று போன வாரம் முடிவு செய்தேன். ‘உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்’ என்று ஆரம்பிக்கிறாள். லெம்னாஸுக்கு வந்துசேர இன்னும் பல பக்கங்கள் எழுத வேண்டியிருக்கிறது.